கமர்கட்டும் போன்போனும்

போன வாரம் மாரண்டஹள்ளி கடைத்தெருவில் பேரனுக்கு ஆரஞ்சு மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். "தாத்தா, சின்ன வயசுல நீங்களும் இதான் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான். அந்தக் கேள்வி என்னை அறுபது வருஷம் பின்னால் இழுத்துப் போய்விட்டது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது வழக்கமாக வாசிக்கும் உங்களுக்குத் தெரியும். மிட்டாய்க்கு வகுப்பில் 'போன்போன்' என்று பெயர். கணக்கைச் சரியாகப் போட்டால் வாத்தியார் ஒன்று தருவார். வீட்டிலோ பாட்டி கொடுப்பது தேங்காயும் வெல்லமும் சேர்த்துக் காய்ச்சிய கமர்கட்டு. போன்போன்தான் உசத்தி என்று நினைத்த வயது அது.

சரித்திரப் பாடத்திலும் சர்க்கரை வந்தது. இங்கிலாந்தோடு நடந்த போரால் தீவுகளிலிருந்து கரும்புச் சர்க்கரை வருவது தடைப்பட, 1811-ல் நெப்போலியன் பீட்ரூட் இனத்துச் சர்க்கரைக் கிழங்கைப் பயிரிட ஆணையிட்டார் என்று மனப்பாடம் செய்தோம். அந்தத் தீவுகளில் கரும்பு வெட்டியவர்கள் யார் என்று வாத்தியார் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். முதலில் வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். 1848-ல் பிரான்ஸ் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலையானவர்களில் பலர் மறுபடி கரும்புத் தோட்டத்துக்குப் போக விரும்பவில்லை. ஆள் தேடிய முதலாளிகளின் கண் நம் கரைமேல் விழுந்தது. 'ஒரேலி' என்ற கப்பல் 1853-ல் மார்த்தினிக் தீவிலும், 1854 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் குவாதலூப்பிலும் நம்மவர்களைக் கொண்டுபோய் இறக்கியது. ஐந்து வருஷ ஒப்பந்தம். 1880களின் முடிவுக்குள் குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 இந்தியர்கள் போனார்கள். புதுச்சேரி, காரைக்காலில் கப்பலேறிய தமிழர்கள் அதில் ஏராளம். பலர் ஊர் திரும்பவே இல்லை. அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே மாரியம்மனுக்குக் கோயில் வைத்துக் கும்பிடுகிறார்கள்.

ஒரு காலத்தில் ஐரோப்பாவில் சர்க்கரை, சீமான்கள் வீட்டுப் பண்டம், மருந்துக்கடைச் சரக்கு. இப்படிப்பட்ட உழைப்பும், பிறகு வந்த இயந்திரமும் சேர்ந்துதான் அதை மலிவாக்கி, ஏழைப் பிள்ளையின் கைக்கும் மிட்டாயாகக் கொண்டுவந்தன. நம் பக்கத்திலும் அப்படித்தான். கடலூர் அருகே நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை நடத்திய பாரி கம்பெனி, 1914-ல் மிட்டாய்த் தொழிலிலும் இறங்கியது. நாம் சப்பிய பாரி மிட்டாயின் பிறப்பிடம் அதுதான். 2004-ல் அதைக் கொரியாவின் லோட்டே வாங்கிவிட்டது.

எந்தக் கடற்கரையில் உட்கார்ந்து நான் போன்போன் சப்பினேனோ, அதே கரையிலிருந்துதான் அந்த ஜனங்கள் படகேறிக் கப்பலுக்குப் போனார்கள். பள்ளியில் படித்த அத்தனை வருஷமும் எனக்கு அது தெரியாது. இப்போது நினைத்தால் மனசு கனக்கிறது.

பேரனிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவங்க பசங்களுக்கு மிட்டாய் கிடைச்சுதா தாத்தா?" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் பாலக்கோட்டிலிருந்து வெல்லம் வாங்கி வந்து, பாட்டி செய்த மாதிரி கமர்கட்டு காய்ச்சச் சொன்னேன். பாகு கொஞ்சம் முற்றிவிட்டது. என் பல்லுக்கு ஆகவில்லை. பேரன் நாலு தின்றான்.

உங்கள் குடும்பத்திலும் 'தீவுக்குப் போனவர்' என்று யாரையாவது பெரியவர்கள் சொல்லியிருந்தால், அந்தப் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.