குற்றமற்ற கேப்டன்

ஜூபிலி மலரில் ஒரு பீரங்கிப் படை அதிகாரியின் வரலாற்றை நாம் எழுதக் காரணம் உண்டு.

1859-இல் பிரான்சின் முலூஸ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் ஆல்பிரட் டிரைபஸ். கேப்டனாக உயர்ந்த அவர், ஜெர்மனிக்கு இராணுவ இரகசியங்களை விற்றதாகப் பொய்க் குற்றம் சுமத்தப்பட்டு, 1894-இல் ஆயுள் தண்டனை பெற்றார். படைவீரர் முன்னிலையில் அவரது வாள் முறிக்கப்பட்டது. பசாசுத் தீவில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் வாடினார். உண்மைக் குற்றவாளி வேறோர் அதிகாரி என்று 1896-இலேயே அறிந்தும் மேலிடம் மறைத்தது. 1906-இல்தான் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. மீண்டும் படையில் சேர்ந்து, முதல் உலகப் போரிலும் நாட்டுக்கு உழைத்து, 1935-இல் இறந்தார்.

அன்று அவரைத் தூற்றிய ஏடுகளுள் 'சிலுவை' எனப் பொருள்படும் 'லா குருவா' என்னும் கத்தோலிக்க நாளேடும் ஒன்று. 1998-இல் அது மன்னிப்புக் கேட்டது. நாமும் எவரையேனும் விசாரியாமல் தீர்ப்பிட்டோமா என்று இவ்விழா நாளில் ஆத்தும சோதனை செய்வோமாக.