நம்மளைத் தாண்டிப் போன தண்ணி

பள்ளிபாளையம் பாலத்துல நின்னு காவிரியைப் பார்த்திருப்பீங்க. அந்தத் தண்ணி வர்றது 1934-ல் திறந்த மேட்டூர் அணையிலிருந்து. அப்போ உலகமே பொருளாதார மந்தத்தில் தவித்துக்கொண்டிருந்தது. அமெரிக்கா ஹூவர் அணையை 1931-ல் தொடங்கியது. மேட்டூர் வேலை 1925-லேயே ஆரம்பம். அதனால இது மந்தநிலை நிவாரணத் திட்டம் இல்லை. முக்கியமா டெல்டா பாசனத்துக்குக் கட்டினது.

ஆனா அதுக்கு விலை கொடுத்தது மேட்டூர்ப் பக்கத்து ஊர்கள். நீர்மட்டம் இறங்கினா பண்ணவாடியில் மூழ்கின நந்தி சிலையும் சர்ச் கோபுரமும் இன்னைக்கும் தலைகாட்டும்.

சேலம், ஈரோடு பக்கத்து வயல்களுக்கு மேட்டூர்க் கால்வாய் வந்தது 1955-ல். 21 வருஷம் தண்ணி நம்ம கண் முன்னாடியே கடந்து போச்சு. அடுத்த தடவை "அணை நிரம்பிடுச்சு"ன்னு நியூஸ் வந்தா, அந்த 21 வருஷத்தையும் நினைச்சுக்கோங்க.