அகப்பை யார் கையில்? – சத்துணவுக் கூடத்தின் சாதி வரலாறு

சத்துணவின் வரலாறு என்று தமிழில் எழுதப்பட்டிருப்பதெல்லாம் தலைவர்களின் வரலாறுதான். 1920இல் சென்னை மாநகராட்சியில் பிட்டி தியாகராயர். 1956இல் எட்டயபுரத்தில் காமராசர். 1982இல் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தட்டில் முட்டை வைத்தவர் கலைஞர். 2022இல் மதுரையில் காலை உணவைத் தொடங்கியவர் ஸ்டாலின். மேடைக்குத் தக்கபடி இந்தப் பட்டியலில் ஒரு பெயரைக் கூட்டுவார்கள், ஒரு பெயரைக் குறைப்பார்கள். எந்த மேடையிலும் வராத ஆள் ஒருத்தி உண்டு. அடுப்பு ஊதினவள். அவள் எந்தத் தெருவிலிருந்து வந்தாள், அவளை எதுவரைக்கும் உள்ளே விட்டார்கள் என்ற கேள்வியிலிருந்து எழுதிப் பார்த்தால் இது வேறு வரலாறாக இருக்கிறது.

நான் மம்சாபுரத்துக்காரன். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மேற்கு மலை அடிவாரத்துப் பேரூர். 1982இல் எங்க பக்கம் சத்துணவு வந்தபோது இது இராமநாதபுரம் மாவட்டம். 1985இல் மாவட்டத்தைப் பிரித்தபோது காமராசர் பெயரையே வைத்தார்கள். 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் என்றதும் ஆதிக்க சாதிகளுக்குப் பொறுக்கவில்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் எரிந்தது. கடைசியில் எல்லாத் தலைவர்கள் பெயரையும் சேர்த்தே எடுத்தார்கள். காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது. ஒரு தலித் வீரன் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டேன் என்ற மனசும், ஒரு தலித் பெண் ஆக்கிய சோற்றை எம்புள்ள திங்காது என்கிற மனசும் வேறு வேறு இல்லை.

சோற்றில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. யாருக்குப் போடுவது? யார் பக்கத்தில் யார் உட்காருவது? யார் ஆக்குவது?

முதல் கேள்விக்குத் தமிழ்நாடு பதில் சொல்லிவிட்டது. அதை மறுக்க வேண்டியதில்லை. 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு நாளைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். பசியோடு பிள்ளை பள்ளிக்கூடம் வராது என்ற உண்மையை ஒரு நிர்வாகம் ஒப்புக்கொண்ட இடம் அது. அங்கே தொடங்கியது இன்று 43 ஆயிரத்துக்கு மேற்பட்ட சத்துணவு மையங்களாக நிற்கிறது. நம்ம பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்தத் தட்டைப் பிடித்துத்தான் எழுத்துக்கு வந்தார்கள்.

இரண்டாவது கேள்விக்குச் சண்டை நடந்தது. 1924, 25 வாக்கில் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி. காங்கிரஸ் தருவதாகச் சொன்ன 10 ஆயிரத்தில் 5 ஆயிரம் போயிருந்தது. பொதுப் பணத்தில் தனிப் பந்தியா என்று வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேட்டார்கள். தமிழ்நாட்டு அரசியலே அந்தப் பந்தியில் திரும்பியது. நியாயமான சண்டை. ஆனால் நாம் ஒன்று கேட்க வேண்டும். பிராமணன் தன் பக்கத்தில் உட்கார மறுத்தபோது வந்த சூடு, தலித் பெண் அகப்பையைத் தொட்டபோது அதே சாதிகளுக்கு எங்கே போனது? சேரன்மாதேவியை மேடையில் பேசுகிற இடைநிலைச் சாதிகள் தங்கள் ஊர்ப் பள்ளிக்கூட அடுப்படியில் இன்னொரு சேரன்மாதேவியை வைத்திருக்கின்றன. அதுதான் மூன்றாவது கேள்வி. அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கு வரலாறு இருக்கிறது. காமராசர் காலத்து மதிய உணவில் செலவின் ஒரு பங்கை அரசு கொடுத்தது, மீதியை ஊர் கொடுத்தது. 1961க்குப் பிறகு கேர் நிறுவனம் வழியாக அமெரிக்கப் பால் பவுடரும் மக்காச்சோள மாவும் எண்ணெயும் வந்தன. ஊரார் பங்களிப்பு என்று அதைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். ஊர் என்றால் யார்? சேரி ஊரில் சேர்த்தி இல்லையே. நெல் அளக்கிறவர் கை காட்டுகிற ஆள்தான் அடுப்படியில் நிற்க முடியும். பிள்ளைகளுக்குக் கிடைத்த சோறு பெரிய விஷயம். ஆனால் அந்தச் சோற்றின் சாவி ஊர்ப் பெரியவர்கள் மடியில் இருந்தது.

1982 ஜூலை 1இல் தொடங்கிய சத்துணவு இதில் ஒரு உடைப்பு. அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என்று மையத்துக்கு மூன்று பேர். விதவைகளுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் முன்னுரிமை. சம்பளம் சொற்பம். இருந்தாலும் அது அரசாங்கத்திடமிருந்து வந்த காசு. மொதலாளி வீட்டு வாசலில் நின்று வாங்குகிற கூலி இல்லை. காட்டு வேலையைத் தவிர வேறு எதுவும் கிடைக்காத தலித் பெண்களுக்குக் கையெழுத்துப் போட்டு வாங்குகிற காசு இது. அதனால்தான் அந்த வேலைக்கு அவ்வளவு போட்டி. அதனால்தான் அதை அவர்கள் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதில் அவ்வளவு அக்கறை.

எங்க சின்னம்மா புருஷன் செத்த பிறகு உதவியாளர் வேலைக்குப் போனார். ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் பள்ளிக்கூடம் என்பது இங்கே வேண்டாம். இது ஒரு பள்ளிக்கூடத்தின் கதை மட்டும் இல்லை. கூட்டுவது, தண்ணி தூக்குவது, காய் அரிவது, விறகு தள்ளுவது, அண்டா விளக்குவது சின்னம்மா. உலையில் அரிசி போடுவதும் வடிப்பதும் தட்டில் வைப்பதும் சமையலம்மா. அவுக மேலத் தெரு. அந்தம்மா லீவு போட்ட நாளில் சின்னம்மா ஆக்கலாம்தானே? ஆக்க விடவில்லை. மேலத் தெருவிலிருந்து ஒரு பொம்பளையைக் கூட்டி வந்து, அன்றைக்குக் கூலி கொடுத்து, உலை வைத்தார்கள். சின்னம்மா சொல்வார்: "அரிசி பொடைக்கிறது நானு, காயி அரியிறது நானு. வேகாத வரைக்கும் தீட்டு இல்லையாம்ப்பா. வெந்த பெறகுதான் தீட்டு ஏறுதாம்."

அந்த ஒரு பேச்சில் சாதியின் சூத்திரம் முழுக்க இருக்கிறது. நாற்று நட்டது யார், களை எடுத்தது யார், கதிர் அறுத்தது யார் என்று எவனும் கேட்பதில்லை. அந்த நெல்லில் தீட்டு ஒட்டுவதில்லை. வெந்த சோற்றில் மட்டும் ஒட்டுகிறது. உழைப்பை வாங்கிக்கொள்வதற்குத் தீட்டு குறுக்கே வராது. ஒரு பெண்ணுக்கு மதிப்பும் சம்பளமும் அகப்பையும் கிடைக்கிற இடத்தில்தான் வரும். கூட்டு, கழுவு, சுமந்து வா என்று அவளை அழைத்தால் அது மரபு. பரிமாறு என்று அழைத்தால் மரபு கெட்டுப்போகிறது.

உச்ச நீதிமன்றம் இதைப் பார்த்திருக்கிறது. உணவு உரிமை வழக்கில் 2001 நவம்பர் 28இல் எல்லா மாநிலங்களிலும் அரசுப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு கொடுக்கச் சொன்னது. 2004 ஏப்ரல் 20இல் சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் முன்னுரிமை தரச் சொன்னது. சுகதேவ் தோரட்டும் ஜோயல் லீயும் தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் 531 கிராமங்களின் தகவல்களை வைத்து 2005இல் எழுதினார்கள். தலித் சமையலர்களுக்கு எதிர்ப்பு, தனி வரிசை, ஆதிக்க சாதித் தெருவுக்குள்ளேயே உணவுக் கூடம் – எல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது.

பதிவானதற்குப் பிறகும் நடந்தது. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளிக்கு அருந்ததியர் சமையலர் ஒருவர் மாறுதலில் வந்தார். ஆதிக்க சாதியினர் பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். அதிகாரிகள் முதலில் என்ன செய்தார்கள்? பூட்டியவர்களை விட்டுவிட்டு அந்தம்மாவை இடமாற்றம் செய்தார்கள். தலித் அமைப்புகளும் இடதுசாரிகளும் தெருவில் இறங்கிய பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது, வன்கொடுமைச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. தீர்ப்பு வர ஏழு வருஷத்துக்கு மேல் ஆனது. 2025 நவம்பரில் ஆறு பேருக்கு இரண்டு ஆண்டு சிறை. ஏழு வருஷமும் அவர் விடாமல் நின்றதைத்தான் சத்துணவு வரலாற்றில் எழுத வேண்டும்.

தமிழ்நாடு மட்டுமா? 2021 டிசம்பரில் உத்தரகாண்ட் மாநிலம் சம்பாவத் மாவட்டம் சுகிதாங் பள்ளியில் தலித் சமையலர் ஆக்கியதை மேல்சாதிப் பிள்ளைகள் சாப்பிட மறுத்தார்கள். அவரை வேலையிலிருந்து எடுத்தார்கள். அப்போது தலித் பிள்ளைகள், அப்படியென்றால் மேல்சாதி அம்மா ஆக்குவது எங்களுக்கும் வேண்டாம் என்று தட்டைத் தள்ளினார்கள். அதன் பிறகுதான் அதிகாரிகள் ஓடி வந்தார்கள், வேலையும் திரும்பக் கிடைத்தது.

2023 ஆகஸ்ட் 25இல் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுக்க 31 ஆயிரம் பள்ளிகளுக்கு விரிந்தது. சமைப்பது மகளிர் குழுப் பெண்கள். இரண்டு வாரம் ஆகவில்லை. கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரில் அருந்ததியர் பெண் சமைத்ததைப் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று பெற்றோர் தடுத்தார்கள். கலெக்டர் போய்ச் சாப்பிட்டு, வழக்குப் போடுவேன் என்று எச்சரித்தார். அதே செப்டம்பரில் தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியிலும் தலித் பெண் சமைத்ததைப் பெரும்பாலான பிள்ளைகள் தொடவில்லை. சாதி இல்லை, ஊர்த் தகராறு என்றும் ஒரு பேச்சு கிளம்பியது. எம்.பி. கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உசிலம்பட்டி எங்கே இருக்கிறது தெரியுமா? எட்டயபுரம் பக்கம். காமராசர் 1956இல் மதிய உணவைத் தொடங்கிய அதே எட்டயபுரம். 67 வருஷம் கழித்து அந்த மண்ணில் ஒரு பெண் ஆக்கிய சாப்பாட்டைத் தின்ன வைக்க மந்திரி வர வேண்டியிருந்தது.

மந்திரி வந்து சாப்பிடுவது நல்லதுதான். ஆனால் 31 ஆயிரம் பள்ளிக்கூடத்துக்கும் மந்திரி வர முடியாது. பத்திரிகைக்கு வருவது பூட்டுப் போட்ட பள்ளிக்கூடம் மட்டும்தான். பூட்டே போடாமல், "அந்தப் பிள்ளைய உதவியாளரா போட்டுக்குவோம், சமையலரா வேணாம், ஊருல பிரச்சினை வரும்" என்று நாற்காலியில் உட்கார்ந்தபடி முடித்துவிடுகிற இடங்கள் செய்தி ஆவதில்லை. எங்க சின்னம்மா மாதிரி ஆட்கள் வேலைக்காலம் முழுவதும் அண்டாவை விளக்கிவிட்டு வீட்டுக்கு வருவது எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை.

சம்பளத்தையும் பார்க்க வேண்டும். 2024இல் 8,997 சமையல் உதவியாளர்களை எடுக்க அரசு உத்தரவு போட்டது. மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியம். நாளைக்கு நூறு ரூபாய். அதே ஆண்டு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி நாளைக்கு 319 ரூபாய். காலமுறை ஊதியம் கொடு, ஓய்வூதியம் கொடு என்று சத்துணவு ஊழியர்கள் பல வருஷமாகப் போராடுகிறார்கள். அந்தக் கோரிக்கை நம்முடையதும்தான். அதோடு சாதிக் கேள்வியையும் சங்கம் தன் கோரிக்கைப் பட்டியலில் ஏற்ற வேண்டும். அடுப்படியில் தீட்டு இருக்கும்வரை ஊழியர் ஒற்றுமை எங்கிருந்து வரும்?

நாம் செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. ஒவ்வொரு ஒன்றியத்திலும் சமையலர் எத்தனை பேர், உதவியாளர் எத்தனை பேர், இரண்டிலும் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பத்து வருஷத்தில் ஊர் எதிர்ப்பைக் காட்டி இடமாற்றம் செய்யப்பட்டவர்கள் யார் என்று கேளுங்கள். சமூகப் புறக்கணிப்பு, 2016 ஜனவரியில் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி வன்கொடுமைக் குற்றம். மாற்றப்பட வேண்டியது சமையலர் இல்லை என்று ஒவ்வொரு அதிகாரியிடமும் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். ஓய்வு பெற்ற ஆயாமார் ஒவ்வொரு காலனியிலும் இருக்கிறார்கள். மாணவத் தோழர்கள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். என்ன வேலை பார்த்தீங்க என்று கேட்காதீர்கள். என்ன வேலை பார்க்க விடல என்று கேளுங்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் நான் எழுத ஆரம்பித்துவிட்டேன். உங்க பக்கம் நீங்க எழுதுங்க.