வேட்டையை நிறுத்திய இரு வேந்தர்கள்

மொகலாயரின் பெருவேட்டைக்குக் ‘கமர்கா’ என்று பெயர். பல்லாயிரம் ஆட்கள் காட்டை வளைத்து, நாளுக்கு நாள் வளையத்தைச் சுருக்கி, மானினங்களை ஓரிடத்தில் அடைப்பர். நாட்கணக்கில் நீளும் இவ்வேட்டையில் கையும் ஓயும், உள்ளமும் ஓயும்.

1578ஆம் ஆண்டு, ஜீலம் நதிக்கரையிலுள்ள பேராவுக்கருகே அக்பர் இத்தகைய வளையத்தை அமைத்திருந்தார். திடீரென அவரை இன்னதென விளங்காத ஒரு நிலை ஆட்கொண்டது. வேட்டையை உடனே நிறுத்தி, அடைபட்ட விலங்குகளை விட்டுவிடப் பணித்தார். ஏழைகளுக்குப் பொன் வழங்கினார். அவரைப் போற்றிய அபுல் ஃபஸ்லும் சாடிய பதாயூனியும் இதனைப் பதிந்துள்ளனர். அஃது இறைவேட்கையா, சோர்வா, உயிரிரக்கமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

மைந்தர் ஜஹாங்கீரோ கணக்கு வைத்தார். பன்னிரண்டாம் வயது முதல் ஆட்சியின் பதினோராம் ஆண்டுவரை வேட்டையில் வீழ்ந்தவை 28,532. தம் கையால் கொன்றவை 17,167 எனத் தம் சரிதையில் எழுதினார். பின்னர்ப் பேரர் ஷுஜா நோயுற்றபோது, குழந்தை பிழைத்தால் எவ்வுயிரையும் தம் கையால் வதைப்பதில்லை என இறைவனிடம் உறுதி பூண்டார். குழந்தை பிழைத்தது, துப்பாக்கியும் ஓய்ந்தது.

ஆனால் 1622இல் ஷுஜாவின் தந்தை குர்ரம் கலகம் செய்தார். அத்துயரில் மீண்டும் துப்பாக்கியைக் கையிலெடுத்ததையும் ஜஹாங்கீர் மறைக்கவில்லை. கைக்கு ஓய்வளிப்பது எளிது. புண்பட்ட நெஞ்சுக்கு ஓய்வளிப்பதே அரிது.