நியூபோட் கோடை இசைவிழா: பாடகர் ஆசிரியரான வரலாறு

இசைவிழா என்றதும் எம் மனக்கண்முன் தோன்றுவன இரவு மேடையும், ஒளிவிளக்குகளும், திரண்டிருக்கும் சனக்கூட்டமுமேயாம். பாடுவோர் மேலேயிருப்பர், கேட்போர் கீழேயிருப்பர், பாட்டு முடிந்ததும் இருசாராரும் தத்தம் வழியே செல்வர். ஆயின், ஒரு கலை நிலைபெறுவது கைதட்டலால் மட்டுமன்று. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறும்போதே அது மறுபிறப்பு எய்துகின்றது. இவ்வுண்மையை உணர்ந்து, பகலிற் கற்பித்தலும் இரவிற் பாடுதலுமாக நடத்தப்பெற்ற கோடைவிழா ஒன்று ஐக்கிய அமெரிக்காவின் நியூபோட் நகரில் இருந்தது. 1963 முதல் 1969 வரை அந்நாட்டார் இசைவிழா நடைபெற்ற விதத்தையும், அதனால் விளைந்தவற்றையும் இக்கட்டுரையில் ஆராய்வாம்.

நியூபோட், றோட் ஐலன்ட் மாநிலத்தின் கடற்கரை நகரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூயோர்க்குச் செல்வர்கள் கோடை வெயிலுக்கொதுங்கி வாழ அங்கே மாளிகைகள் கட்டினர். வண்டர்பில்ட் குடும்பத்தாரின் பெருமாளிகை இன்றும் காண்போரை வியக்கச் செய்வது. அத்தகைய நகரிலே 1954ஆம் ஆண்டில் யோர்ச் வைன் என்பார் ஜாஸ் இசைவிழாவைத் தொடக்கினார். 1959ஆம் ஆண்டில் நாட்டார் இசைக்கெனத் தனிவிழா ஒன்றையும் கூட்டினார். யோன் பயெஸ் என்னும் பதினெட்டு வயது நங்கை, நிகழ்ச்சி நிரலிற் பெயரில்லாதவராக மேடையேறிப் புகழ் பெற்றது அம்முதல் விழாவிலேயே. 1960இல் ஜாஸ் விழாவுக்கு வந்த இளைஞர் கூட்டம் நகரிற் கலகம் விளைத்தது. அதனால் 1961இலும் 1962இலும் நாட்டார் இசைவிழா நடைபெறவில்லை.

1963இல் விழா மீண்டும் எழுந்தபோது அதன் அமைப்பே மாறியிருந்தது. பாடகராகிய பீற் சீகரும், அவர் மனைவியார் தோஷியும், நடிகரும் பாடகருமாகிய தியடோர் பிக்கெலும் வைனோடு கலந்து புதிய திட்டமொன்றை வகுத்தனர். அதன்படி விழா இலாபநோக்கற்ற ஒரு நிதியத்தின் பொறுப்பில் வந்தது. நெறியாளர் எழுவர், எழுவரும் இசைக்கலைஞரே. திட்டத்தின் உயிர்நாடியான விதி யாதெனின், விழாவிற் பாடுவோர் எவராயினும் அவருக்குரிய ஊதியம் 50 டொலரே என்பது. போக்குவரத்துச் செலவும், உணவும், உறையுளும் விழாவைச் சார்ந்தன. நாடறிந்த பாடகருக்கும் 50 டொலர். தன்னூர் எல்லையைத் தாண்டியறியாத கிழவருக்கும் 50 டொலர். பெயர் பெற்றோரைக் காணக் கூட்டம் வந்தது. கூட்டம் தந்த பணம் பெயரில்லாதோரை அழைத்துவரப் பயன்பட்டது. எஞ்சியது நாட்டார் கலைகளைத் தேடவும் பேணவும் செலவிடப்பட்டது. இவ்வொழுங்கை வெறும் சிக்கனமென்று கொள்ளுதல் தவறு. கலைஞரிடையே ஏற்றத்தாழ்வு ஊதியத்தால் அளக்கப்படுதல் கூடாதென்னும் கொள்கையே அதன் அடிப்படை.

அவ்வாறு அழைக்கப்பட்டோர் யாவர்? மிசிசிப்பி மாநிலத்து அவலொன் என்னுங் கிராமத்தைச் சேர்ந்த யோன் ஹேட் ஒருவர். கறுப்பினத்தவரான இவர் 1928இல் சில இசைத்தட்டுகளைப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியில் இசைத்தட்டு வாணிகம் சரிந்தது. ஹேட் கழனி வேலைக்கே திரும்பினார். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, அவர் பாட்டொன்றில் வந்த ஊர்ப்பெயரையே வழிகாட்டியாகக் கொண்டு தொம் ஹொஸ்கின்ஸ் என்னும் இளைஞர் தேடிச் சென்றபோது, அவர் அவ்வூரிலேயே வாழ்ந்துகொண்டிருந்தார். 1963ஆம் ஆண்டு யூலையில் அவர் நியூபோட் மேடையிலிருந்தார். 1931இற் பாடிப் பதிவு செய்து பின்னர் மறைந்துபோன ஸ்கிப் யேம்ஸ் என்பாரை 1964இல் மிசிசிப்பி மருத்துவமனையொன்றிலே கண்டுபிடித்தனர். சில வாரங்களில் அவரும் நியூபோட்டில் பாடினார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியாய் வாழ்நாளைக் கழித்த டொக் பொக்ஸ், கண்ணொளி இழந்த கிற்றார்க் கலைஞர் டொக் வற்சன் ஆகியோரும் 1963இல் வந்தனர். ஏர் பிடித்த கையும் கரி வெட்டிய கையும், கோடீசுவரர் கோடையைக் கழித்த நகரிலே நரம்பு மீட்டின என்பது நினைந்து பார்க்கத்தக்கது.

இனி, விழாவின் பகற்பகுதிக்கு வருவாம். 'வேர்க்ஷொப்' எனப்பட்ட இதனைப் பட்டறை என்றே குறிப்பிடுவோம். கொல்லன் பட்டறையில் இரும்பு உருப்பெறுவதை அருகே நின்று காண்பதுபோல, இங்கே பாட்டு உருப்பெறுவதை அருகேயிருந்து காணலாம். சிறிய மேடை, அதைச் சூழப் புல்லிலும் நாற்காலிகளிலும் இருப்போர். ஓரிடத்தில் பாஞ்சோ, ஓரிடத்தில் பிடில், ஓரிடத்தில் கிற்றார், ஓரிடத்தில் பழங்கதைப்பாடல். கருவி வாசிக்கும் முறையை விளக்குவோரும் அதைக் கேட்டறிவோரும் ஏறக்குறைய ஒரே தரையில் இருந்தனர்.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். யோன் ஹேட் வலக்கைப் பெருவிரலால் தாழ்சுருதி நரம்புகளை மாறிமாறி மீட்டித் தாளத்தை நிறுத்த, ஏனைய விரல்கள் மேலே பாட்டின் மெட்டை வாசிக்கும். தேய்ந்த இசைத்தட்டைக் கேட்ட இளைஞர் சிலர், வாசிப்பவர் இருவரோ என மயங்கினால் அது வியப்பன்று. ஸ்கிப் யேம்ஸ் நரம்புகளைக் கூட்டிய சுருதிமுறையோ வழக்கத்துக்கு மாறானது. அவரது இசைத்தட்டை எத்தனை முறை சுழலவிட்டாலும் அதன் மருமம் எளிதிற் புலப்படுவதன்று. ஆனால் ஆசிரியர் எதிரே அமர்ந்து விரலைக் காட்டினால், ஆண்டுக்கணக்கிற் புலப்படாதது கணத்திற் புலப்படும். ஏட்டுக் கல்விக்கும் குருமுகக் கல்விக்குமுள்ள வேறுபாடு இதுவே. முந்நாள்வரை கூலியாளாய் மதிக்கப்பட்டவர், பல்கலைக்கழக மாணவர் சூழ்ந்திருக்க ஆசிரியராய் வீற்றிருந்தார். பட்டறை செய்த பெருமாற்றம் இதுவென்க.

இராப்பொழுது மேடையும் பயனற்றதன்று. 1962இல் யோர்ச்சியா மாநிலத்து அல்பனி நகரிலே, கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தின் நடுவே தோன்றிய 'விடுதலைப் பாடகர்' குழுவினர் நால்வர் 1963இல் நியூபோட்டுக்கு வந்தனர். காந்தியடிகளின் அகிம்சை நெறியைத் தமது போராட்டத்துக்கு உரியதாக்கிக்கொண்ட இயக்கத்தைச் சேர்ந்தோர் அவர். முதலிரவின் முடிவிலே சீகர், பிக்கெல், பயெஸ், பொப் டிலன் ஆகியோர் அவர்களோடு கைகோத்து நின்று போராட்டப் பாடலைப் பாடினர். ஒரு மாதம் கழித்து, ஆகஸ்து 28ஆம் நாள், வாஷிங்டன் நகரிற் கூடிய பேரணியிலும் அவ்விடுதலைப் பாடகரின் குரல் ஒலித்தது.

எனினும், இவ்விழாவின் பயனை முழுமையாகக் காண விரும்புவோர் லூசியானா மாநிலத்தை நோக்குதல் வேண்டும். 1755 முதலாக நோவா ஸ்கோசியாப் பகுதியிலிருந்து ஆங்கிலேயரால் துரத்தப்பட்ட பிரெஞ்சு மொழிக் குடியானவர் பலர் லூசியானாவிற் குடியேறினர். அவர் வழிவந்தோர் கேஜன் எனப்படுவர். 1921ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்பு, பாடசாலைகளில் ஆங்கிலமே போதனாமொழியென விதித்தது. தாய்மொழியிற் பேசிய பிள்ளைகள் பள்ளியில் தண்டிக்கப்பட்டனர். மொழி நாணத்துக்குரியதாயிற்று; அம்மொழியிற் பாடும் பாட்டும், பாட்டோடு வாசிக்கும் பிடிலும் அக்கோடியனும் நாணத்துக்குரியனவாயின. பிள்ளையின் நாவிலிருந்து அதன் தாய்மொழியைப் பறித்த கை ஓர் ஆசிரியரின் கையே என்பதை, அத்தொழிலையே செய்துவரும் நான் வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கின்றது.

நியூபோட் நிதியத்தின் சார்பில் நாட்டார் கலைஞரைத் தேடி ஊரூராய்ச் சென்றவர் றல்ப் றின்சிலர் என்பார். 1964இல் அவர் லூசியானாவிலிருந்து கேஜன் கலைஞர் மூவரை அழைத்தார். மூவரில் ஒருவர் டூயி பல்பா. வரவேண்டிய ஒருவருக்குப் பதிலாகக் கடைசி வேளையிற் சேர்த்துக்கொள்ளப்பட்டவர். இத்தகைய இசையை வெளியூருக்குக் காட்டி மாநிலத்தின் மானத்தை வாங்கப்போகின்றனர் என்னும் பொருள்பட உள்ளூர்ப் பத்திரிகையொன்று எழுதிற்று. அதுவரை சில நூறு பேருக்கு முன்னே மட்டும் வாசித்திருந்த பல்பா, நியூபோட்டில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து நின்று ஆர்ப்பரிப்பதைக் கண்டார். கேட்டோருட் பெரும்பாலோர்க்கு அப்பாட்டின் மொழி விளங்கியிராது. ஆயினும், அதை நாணத்துக்குரியதென அவர் எவரும் கருதவில்லை.

பல்பா புகழைத் தேடி நகரங்களிலே தங்கிவிடவில்லை, ஊர் திரும்பினார். தொலைவிற் கேட்ட ஆரவாரத்தைத் தம்மூரிலும் கேட்கச் செய்வதைத் தம் வாழ்நாட் பணியாக்கினார். 1967இல் தம் சகோதரரோடு மீண்டும் நியூபோட்டிற் பாடினார். 1968இல் லூசியானா அரசு பிரெஞ்சு மொழியை வளர்க்கத் தனியொரு சபையை நிறுவிற்று. 1974ஆம் ஆண்டு மார்ச்சில் லாபயெற் நகரில் நடந்த கேஜன் இசை விழாவுக்கு மக்கள் ஆயிரமாயிரமாய்த் திரண்டனர். பின்னாளிற் பல்பா பிடிலுடன் பாடசாலைகளுக்கே சென்று பிள்ளைகளுக்கு வாசித்தும் பேசியும் காட்டினார். எவ்வகுப்பறையிலிருந்து அம்மொழி துரத்தப்பட்டதோ, அவ்வகுப்பறைக்கே அது ஆசிரியராய்த் திரும்பிற்று. அவர் 1992இல் மறைந்தார்.

நியூபோட்டிலோ நிலைமை வேறு வழியிற் சென்றது. பெயர் பெற்றோரால் பெயரில்லாதோரைப் பேணும் திட்டத்தினுள்ளேயே அதன் முரண்பாடும் இருந்தது. 1965ஆம் ஆண்டு யூலை 24இல் பொப் டிலன் பகற்பட்டறையிற் பாடியபோது கூட்டம் அளவிறந்து பெருகி, அயலிலிருந்த பட்டறைகளுக்கு இடையூறாயிற்று. மறுநாள் இரவு அவர் மின்கிற்றாருடன் மேடையேறியதும், அதனால் எழுந்த கூச்சலும் நூல்கள் பலவற்றிற் பேசப்பட்டுள்ளன. மின்சாரம் நாட்டாரிசைக்கு ஆகுமோ ஆகாதோ என்னும் வாதமே பெரிதாக்கப்படுகின்றது. என் கருத்தில், முன்னாட் பகலில் நடந்ததே கருதத்தக்கது. பட்டறை என்பது விரலைக் காணக்கூடிய தூரத்தில் இருப்போருக்கே பட்டறை. அத்தூரத்தைக் கூட்டம் அழித்துவிடின் அதுவும் மற்றொரு மேடையே.

1969க்குப் பின்னர் அவ்விழா நின்றது. 1971இல் ஜாஸ் விழாவில் மீண்டும் குழப்பம் விளைந்ததால், நாட்டார் இசைவிழாவும் கைவிடப்பட்டது. 1985இல் நியூபோட்டின் அடம்ஸ் கோட்டைப் பூங்காவில் அது மீண்டும் தொடங்கியது. யோன் ஹேட் 1966இலும் ஸ்கிப் யேம்ஸ் 1969இலும் மறைந்தனர். அவர்களுக்குக் கிடைத்த பெருமை காலந்தாழ்த்துக் கிடைத்தது. மூன்றாண்டும் ஐந்தாண்டுமே அதனை அவர் நுகர்ந்தனர். இது மகிழ்ச்சியோடு மட்டும் சொல்லத்தக்க கதையன்று. முப்பது ஆண்டுகளாக அவர்களை எவரும் தேடவில்லை என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியாம்.

ஆயினும் விதை வீணாகவில்லை. றின்சிலர் 1967இல் தலைநகராகிய வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் நாட்டார் கலைவிழாவை உருவாக்கினார். கலைஞர் பாடுவதோடு நில்லாது தம் கலையை அருகிருப்போர்க்கு விளக்கும் முறை அங்கும் இடம்பெற்றது. ஹேட் விரல்வழி வாசித்த முறை, அவரிடம் நேரிற் கற்றோர் வழியாகவும், அவரிடம் கற்றோரிடம் கற்றோர் வழியாகவும் இன்றும் வழங்கி வருகின்றது.

மாணவர்களே, கலையைக் காத்தவர் யாரென வினவின், மேடையமைத்தோரை மட்டும் சுட்டுதல் நிறைவான விடையாகாது. முதியவர் ஒருவரைத் தேடிச்சென்று, "இதை எப்படிச் செய்கிறீர்கள்? எனக்குக் காட்டுங்கள்" என்று பணிந்து கேட்ட இளைஞர் ஒவ்வொருவரும் அதைக் காத்தவரே. கேட்பார் இருந்தாலன்றி ஆசிரியர் இல்லை. கேட்கும் காலமும் என்றும் காத்திருப்பதன்று.