கடல்நீருக்கு ஓர் அளவுகோல்

1909-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், சென்னைக் கடற்கரையில் மாநிலக் கல்லூரிக்கு எதிரே ஒரு மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. இந்திய நாட்டில் பொதுமக்கள் பார்ப்பதற்கென்று அமைந்த முதல் மீன் காட்சிசாலை அதுவே. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராகப் பல்லாண்டுகள் பணியாற்றிய எட்கர் தர்ஸ்டன் என்பவரின் முயற்சியால் அது உருவாயிற்று. தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் பற்றி அவர் எழுதிய ஏழு தொகுதிகளும் அதே ஆண்டில்தான் வெளிவந்தன. அந்த நூலைப் பலர் அறிவர். காட்சிசாலையை அறிந்தோர் சிலரே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டுவிட்டது.

அதே 1909-இல் வேறு இரண்டு காரியங்களும் நிகழ்ந்தன. கோபன்ஹேகன் நகரில், கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையைச் சார்ந்த சோதனைச்சாலையில், சோரன்ஸன் என்ற ரசாயன அறிஞர், ஒரு திரவத்தின் அமில, காரத் தன்மையைக் குறிக்கப் பி.எச். என்னும் அளவையை வகுத்தார். ஜெர்மனியில் ஹேபர், கிளெமென்ஸீவிச் என்ற இருவர், மெல்லிய கண்ணாடிக் குமிழ் ஒன்று அந்தத் தன்மையை மின்னழுத்தமாகக் காட்டும் என்று எடுத்துரைத்தனர். தர்ஸ்டனுக்கு இவை தேவைப்படவில்லை. அவருடைய தொட்டிகளுக்கு எதிரே வங்கக் கடல் இருந்தது. இயற்கை கலந்து வைத்த நீரை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

இன்று தாம்பரத்திலும் சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் கடல் தொட்டி வைத்திருப்போரின் நிலை வேறு. ஆழ்துளைக் கிணற்று நீரோ, லாரி நீரோ கடினமானது. அதை ஆர்.ஓ. கருவியில் வடிகட்டி, விலைக்கு வாங்கிய உப்புக் கலவையைச் சேர்த்து, அவர்கள் கடலைத் தாமே செய்துகொள்கிறார்கள். செய்த கடல் உண்மைக் கடலை ஒத்திருக்கிறதா என்பதை எண்ணால் அன்றி வேறு எதனாலும் அறிய முடியாது. அந்த எண்ணைச் சொல்லும் மின்னணு உணர்கருவியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே நம் கேள்வி.

முதலில் உவர்ப்பைப் பார்ப்போம். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சாலஞ்சர் கப்பல் கொணர்ந்த கடல்நீரில் 77 மாதிரிகளை டிட்மார் என்பவர் ஆராய்ந்து, 1884-இல் முடிவை வெளியிட்டார். மொத்த உப்பு இடத்துக்கு இடம் கூடிக் குறைந்தாலும், அதிலுள்ள முக்கிய உப்புகளின் விகிதம் ஏறக்குறைய மாறுவதில்லை என்று தெரிந்தது. ஒன்றை அளந்தால் மற்றவற்றைக் கணக்கிடலாம். ஆகவே வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குளோரினை அளந்தார்கள். ஆனால் எல்லா நாட்டுச் சோதனைச்சாலைகளும் ஒரே விடையைப் பெறவேண்டுமே! டென்மார்க் நாட்டு நூட்சன் என்பவரின் ஏற்பாட்டில், உவர்ப்பு திட்டமாகத் தெரிந்த கடல்நீரைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, வாயை உருக்கி மூடி, கோபன்ஹேகனிலிருந்து உலகெங்கும் அனுப்பினார்கள். நம் ஊரில் எடைக்கல்லுக்கு முத்திரையிடுவது போன்றதே இது. பின்னர் 1978-இல் வகுத்த அளவை இன்னும் விந்தையானது. ஒரு கிலோ கரைசலில் 32.4356 கிராம் பொட்டாசியம் குளோரைடு. 15 பாகை உஷ்ணம். அந்தக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும் அளவுக்குச் சமமாகக் கடத்தும் கடல்நீரின் உவர்ப்பு 35. கடலுக்கு அளவுகோல் கடல்நீரே அல்லாத ஒரு கரைசல்!

வீட்டுத் தொட்டியின் உவர்ப்புமானியும் மின் கடத்தலையே அளக்கிறது. உஷ்ணம் ஒரு பாகை ஏறினால் கடத்தல் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பங்கு கூடும். கருவி அதைக் கணக்கிட்டுக் கழிக்கவேண்டும். பால்காரரிடம் நாம் லாக்டோமீட்டர் பிடித்துப் பார்ப்பதுபோல், மிதக்கும் மானியால் பார்ப்பவருக்கும் இத்தொல்லை உண்டு. 15 பாகைக்கென்று ஐரோப்பாவில் கோடிட்ட மானியை, நம் ஊர்ச் சித்திரை மாதத்து 30 பாகை நீரில் மிதக்கவிட்டால், லிட்டருக்கு 5 கிராமுக்குமேல் உப்பைக் குறைத்துக் காட்டும். அதை நம்பி மேலும் உப்பைக் கொட்டுபவரின் மீன்கள் என்னாகும்?

பி.எச். கருவி இதனினும் நுட்பமானது. கண்ணாடிக் குமிழின் மின்தடை மிகப் பெரிது. ஆகவே வானொலிப் பெட்டிகளில் இருந்தது போன்ற வால்வைக் கொண்டு 1934-இல் பெக்மன் என்ற அமெரிக்கர் ஒரு கருவி செய்யும்வரை, அது சாதாரண மக்கள் கைக்கு வரவில்லை. எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்கவே முதலில் அதைச் செய்தார். பி.எச். ஓர் அலகு மாறினால் குமிழில் மாறுவது ஏறக்குறைய 59 மில்லிவோல்ட். பத்தில் ஒரு பங்குக்கு 6 மில்லிவோல்ட். டார்ச் விளக்கின் ஒரு மின்கலத்தில் 1,500 மில்லிவோல்ட் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். குமிழில் பாசி படிந்தாலும், உப்புப் பொருக்குக் கட்டினாலும், முதுமை வந்தாலும் இந்தச் சிறு அழுத்தம் பிசகிவிடும். கருவி அப்போதும் இரண்டு தசமத் தானம் வரை எண்ணைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும்.

தாம்பரம் வேளச்சேரிச் சாலையில், பள்ளிக்கரணையில், 1993-இல் நிறுவப்பெற்ற தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் அவர்கள் நிறுத்தும் மிதவைகளின் உணர்கருவிகளுக்கும் பாசியும் சிப்பியுமே பகை. அங்கே ஒப்பிட்டுச் சரிபார்ப்பது ஒரு தனித் தொழில். வீட்டில் அதைச் செய்ய ஆளில்லை.

அண்மையில் சேலையூரில் என் பழைய மாணவர் ஒருவர் தம் தொட்டியைக் காண அழைத்தார். மென்பவளங்களும் கோமாளி மீன்களும் இருந்தன. பாறையாக வளரும் பவளங்களை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காப்பதால் அவற்றை அவர் வைக்கவில்லை. அது எனக்கு மகிழ்ச்சி. தொட்டியில் நிலையாகப் பொருத்திய கருவி 8.2 என்றது. புதிதாக வாங்கிய கைக்கருவி 7.9 என்றது. வேறுபாடு சிறிதென்று எண்ணவேண்டாம், 0.3 என்றால் ஹைட்ரஜன் அயனிகள் இரு மடங்கு. “எதை நம்புவது, சார்?” என்றார். புதியதை நம்பி, சுண்ணாம்பு நீரும் கலந்து வைத்திருந்தார்.

ஒப்பிடும் கரைசல்களைக் கேட்டேன். 10 என்று பெயரிட்ட புட்டியைத் திறந்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. அத்தகைய காரக் கரைசல் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மதிப்பில் இறங்கிவிடும். கடைக்குப் போய் 7-க்கும் 10-க்கும் புதுக் கரைசல் வாங்கிவரச் செய்தேன். பழைய கருவியின் குமிழிலிருந்த பொருக்கையும் நீக்கினோம். இரண்டும் 7.9-இல் வந்து நின்றன.

அதற்காகச் சுண்ணாம்பை ஊற்றலாமா? சொட்டு மருந்தால் நீரின் காரத் தாங்குதிறனை அளந்தோம், குறைவில்லை. ஊற்றியிருந்தால், சேரவேண்டிய கால்சியம் வெண்பொடியாக அடியில் படிந்திருக்கும். ஒரு குவளைத் தொட்டிநீரைப் பால்கனிக்குக் கொண்டுபோய், காற்றுக் குழாயைப் போட்டு ஒரு மணி நேரம் விட்டோம். குவளையில் 8.2 வந்தது. குளிர்சாதனத்துக்காகக் கதவுகளை அடைத்த வீட்டில் ஐந்து பேர் விட்ட மூச்சுதான் நீரில் கரைந்திருந்தது.

அவர் தொட்டியின் காற்றுக் குழாயைச் சன்னலுக்கு வெளியே நீட்டி வைத்தார். அடுத்த வாரம் தொலைபேசியில் பேசியபோது இரு கருவிகளும் 8.1 காட்டுவதாகக் கூறினார். புதுப் புட்டிகளின்மேல் திறந்த தேதியை எழுதி ஒட்டியிருக்கிறாராம்.