பாவலர் பிரதர்ஸ்: கணக்கில் ஏறாத நற்பெயர்

பீட்டில்ஸ் பற்றி எழுதாத ஆளே இல்லை. லிவர்பூல் துறைமுகத்துப் பையன்கள் நாலு பேர். 1962ல் சொந்தப் பெயரில் முதல் இசைத்தட்டு, 1970ல் பிரிவு. இடைப்பட்ட எட்டு வருடத்தைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் வந்துவிட்டன.

அதே அறுபதுகளில் நம்ம பக்கத்திலும் நாலு பேர் கொண்ட ஒரு குழு ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருந்தது. நாலு பேரும் அண்ணன் தம்பிகள். பண்ணைப்புரத்துக்காரர்கள். வரதராஜன், பாஸ்கர், ராசய்யா, அமர்சிங். குழுவின் பெயர் பாவலர் பிரதர்ஸ். மூத்தவர் வரதராஜன்தான் பாவலர். ராசய்யா யாரென்று சொல்லத் தேவையில்லை, பின்னாளில் இளையராஜா. அமர்சிங்தான் கங்கை அமரன்.

இவர்கள் பாடியது சினிமாவுக்காக இல்லை, கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில். ஜனங்களுக்குத் தெரிந்த சினிமா மெட்டை எடுத்து, அதில் கூலி, விலைவாசி, ஓட்டு என்று புது வார்த்தைகளைப் போட்டுப் பாடுவார் பாவலர். மெட்டு ஏற்கனவே மனப்பாடம் என்பதால் வார்த்தை நேராக மண்டையில் ஏறிவிடும்.

இதில் எங்க மலைக்கும் ஒரு பங்கு உண்டு. குரங்கணியிலிருந்து ஏறினால் சென்ட்ரல் ஸ்டேஷன், அதற்கும் மேலே டாப் ஸ்டேஷன். ஒரு காலத்தில் மூணாறு தேயிலை அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிப் பக்கம் இறங்கி, போடிக்கு வந்து சேர்ந்தது. தேயிலை இறங்கிய அதே மலையில் நம்ம ஜனங்கள் வேலைக்கு ஏறிப் போனார்கள். அதனால் தேவிகுளம் தொகுதி கேரளாவில் இருந்தாலும் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

1957ல் கேரளாவில் இ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. தேவிகுளத்தில் ஜெயித்த ரோசம்மா புன்னூஸின் வெற்றி செல்லாது என்று ஆகி, 1958ல் இடைத்தேர்தல் வந்தது. அந்தப் பிரச்சாரத்தில்தான் பாவலர் எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்த் தமிழில் பாடினார். ரோசம்மா மறுபடியும் ஜெயித்தார். பாட்டு மட்டுமே ஜெயிக்க வைத்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மலையாளப் பேச்சு எட்டாத இடத்தில் தமிழ்ப் பாட்டு எட்டியிருக்கும் என்று நம்புவதில் தப்பில்லை.

ராசய்யா சின்னப் பையனாக இந்தக் குழுவில் சேர்ந்து, ஏறத்தாழ பத்து வருடம் ஊர் சுற்றினார். ஆரம்பத்தில் பெண் குரலில் பாட வேண்டியதை எல்லாம் பாடியது அவர்தான். நேரு மறைந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கல் கவிதைக்கு அவர் போட்ட மெட்டைத்தான் அவருடைய முதல் இசையமைப்பு என்கிறார்கள். பீட்டில்ஸ் பெயர் வாங்குவதற்கு முன்னால் ஹாம்பர்க் கிளப்புகளில் இரவு இரவாக வாசித்துக் கை பழகினார்கள் இல்லையா? ராஜாவின் ஹாம்பர்க் இந்த மேடைகள்தான்.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். அறுபதுகளின் கடைசியில் சென்னை, தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம், ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை, 1976ல் பஞ்சு அருணாசலம் மூலமாக 'அன்னக்கிளி'. அமர் பாட்டெழுதி, படமும் இயக்கினார். பாஸ்கர் தயாரித்த 'அலைகள் ஓய்வதில்லை' 1981ல் வந்தது. பட நிறுவனத்தின் பெயர் பாவலர் கிரியேஷன்ஸ். அண்ணன் பெயர் அப்படித்தான் தியேட்டர் திரையில் வந்தது.

'ராஜா இசை மண்ணிலிருந்து வந்தது' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். மண்ணில் நாற்று தானாக வளருமா? நாள் முழுக்க வேலை செய்து களைத்து வந்த ஜனங்களை உட்கார வைக்க வேண்டும், ஒவ்வொரு வார்த்தையும் புரிய வேண்டும். அந்தப் பயிற்சியைக் கொடுத்தது பாவலர். எத்தனை வாத்தியம் சேர்ந்தாலும் ராஜா மெட்டு ஒரு தடவை கேட்டாலே வாயில் வந்துவிடுகிறதே, அதற்கு இந்த மேடைகளும் ஒரு காரணம் என்பது என் கட்சி.

நான் காமர்ஸ் படிக்கிறவன், அதனால் கொஞ்சம் அக்கவுண்டன்ஸி. காசு கொடுத்து வாங்கிய நற்பெயரைத்தான் இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாகக் காட்டலாம். ஒரு நிறுவனம் தானே உழைத்துச் சேர்த்த நற்பெயருக்கு அங்கே இடம் கிடையாது. மதிப்பு இல்லை என்று அர்த்தமில்லை, அளந்து எழுத வழியில்லை, அவ்வளவுதான். 2025 மார்ச் 8ல் லண்டனில் அரங்கேறிய ராஜாவின் சிம்பொனி கணக்கில் ஏறிவிட்டது. தேவிகுளத்துப் பாட்டு ஏறவில்லை.

அந்தப் பாட்டை நேரில் கேட்டவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது இருக்கும். உங்க வீட்டுத் தாத்தா பாட்டி யாராவது அந்தக் காலத்தில் எஸ்டேட்டில் வேலை பார்த்திருந்தால், தயவுசெய்து இந்த வாரமே கேட்டுப் பாருங்கள். இரண்டு வரி ஞாபகம் இருந்தாலும் போதும், எழுதி வையுங்கள்.